கோப்பை காணாத மஞ்சள் சட்டை

கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்துக் கழகம் 2014-இல் பிறந்தது. இந்தியன் சூப்பர் லீகின் முதல் சீசனிலிருந்தே ஆடிவரும் அந்த அணி, 2024-25 வரையிலான பதினோரு சீசன்களில் மூன்று முறை இறுதிப் போட்டிக்குப் போயிருக்கிறது. மூன்றிலும் தோல்வி. லீக் சுற்றில் முதலிடம் பிடிக்கும் அணிக்கு 2019-20 முதல் தரப்படும் ஷீல்டும் அதன் கைக்கு எட்டியதில்லை. அப்படியிருந்தும் நாட்டிலேயே அதிகக் கூட்டம் கூட்டும் கழகங்களில் அது ஒன்று. கொச்சி கலூர் ஸ்டேடியத்தை மஞ்சளாக்கும் அந்தக் கூட்டத்தில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். மூணாறு, தேவிகுளம், மறையூர், பீர்மேடு, வண்டிப்பெரியாறு என்று இடுக்கி மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் ஒரு பக்கம். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்திலிருந்து வருகிறவர்கள் மறுபக்கம்.

2014-இல் பத்து வயதில் முதல் மஞ்சள் சட்டையை வாங்கிய பையனுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. படிப்பு முடிந்து வேலைக்கும் போயிருப்பான். அவன் அணி ஒரு கோப்பையைத் தூக்கி அவன் இன்னும் பார்க்கவில்லை. ஒவ்வொரு சீசன் தொடங்கும்போதும் அவன் மனத்தில் எழும் எதிர்பார்ப்பு உண்மையானது. சீசன் முடியும்போது வரும் கோபமும் அதே அளவு உண்மையானது. அந்தக் கோபத்தைத் தோற்றவனின் புலம்பல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. தோல்வியை அவன் எப்போதோ பழகிவிட்டான். அணியும் லீகும் நடத்தப்படும் விதம்தான் அவனை வருத்துகிறது.

எல்லையின் பந்து

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய இந்த ஊர்களில் கால்பந்து பிளாஸ்டர்ஸோடு வந்ததல்ல. மூணாறு தேயிலைத் தோட்டங்களில் எஸ்டேட் அணிகள் மோதும் ஃபின்லே ஷீல்டு போட்டி 1941-இல் தொடங்கியது. மாநில அணிகளுக்கான சந்தோஷ் டிராபியும் அதே ஆண்டில்தான் ஆரம்பமானது. கண்ணன் தேவன் மலைகளில் தேயிலை வளர்த்த ஜேம்ஸ் ஃபின்லே கம்பெனியின் பெயரைத் தாங்கியது அந்த ஷீல்டு. பின்னாளில் தோட்டங்கள் டாடாவிடம் போயின. 2005-இல் தொழிலாளர்களும் பங்குதாரர்களாக உள்ள கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் உருவானது. கம்பெனி கைமாறிய பிறகும் ஷீல்டின் பெயர் மாறவில்லை. கொழுந்து எடுப்பவர்கள், ஃபேக்டரியில் வேலை செய்பவர்கள், அவர்களின் பிள்ளைகள் ஆகியோரே இதன் ஆட்டக்காரர்களும் பார்வையாளர்களும். தாத்தா ஆடிய எஸ்டேட்டுக்குப் பேரன் ஆடுவது தொழிலாளர்கள் வசிக்கும் லயங்களில் பெருமையாகச் சொல்லப்படும் செய்தி. ரசிகன் என்ற பெயர் வருவதற்கு முன்பே இங்கே ஒரு மைதானம் இருந்தது, அதைச் சுற்றி நின்று கத்தும் ஒரு கூட்டமும் இருந்தது.

பாலக்காட்டில் பந்துக்கு வேறு முகம். நெல் அறுத்த வயலிலும் ஊர் மைதானத்திலும் தற்காலிக கேலரி கட்டி, விளக்குப் போட்டு, இரவில் நடக்கும் செவன்ஸ் ஆட்டம்தான் அங்கே திருவிழா. பக்கத்துக்கு ஏழு பேர், சிறிய மைதானம், வேகமான ஆட்டம். மழைக்காலம் ஓய்ந்த பின் தொடங்கி கோடை வரை மலபார் முழுக்க இது நடக்கும். நைஜீரியா, கானா, ஐவரி கோஸ்ட் ஆகிய நாடுகளிலிருந்து வந்த ஆட்டக்காரர்களைக் கிராமத்துச் சிறுவர்களும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கால்பந்துச் சங்கத்தின் அதிகாரபூர்வ அமைப்புக்கு வெளியே நடப்பதால், காயம்பட்டாலும் உயிர் போனாலும் கேட்பாரில்லாத உலகமாகவும் அது இருந்துவந்திருக்கிறது.

பாலக்காட்டைச் சேர்ந்த ஆர். தனராஜனின் கதை இதற்குச் சான்று. கொல்கத்தாவின் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று பெரிய கழகங்களுக்கும் ஆடியவர் அவர். 2019 டிசம்பர் 29 அன்று பெரிந்தல்மண்ணையில் ஒரு செவன்ஸ் ஆட்டத்தின் நடுவே மைதானத்திலேயே சரிந்து இறந்தார். அவர் குடும்பத்துக்கு நிதி திரட்ட 2020 ஜனவரியில் பாலக்காடு நூரணி மைதானத்தில் ஒரு காட்சி ஆட்டம் ஏற்பாடானது. பைச்சுங் பூட்டியாவும் ஐ.எம். விஜயனும் வந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே தற்காலிக கேலரி இடிந்து விழுந்தது, பலர் காயமடைந்தார்கள். அன்று அங்கே கூடியவர்கள் ஒரு விளையாட்டு வீரனின் வீட்டுக்குத் தங்களால் முடிந்ததைக் கொடுக்க வந்தவர்கள். இந்தியக் கால்பந்தில் பெரும்பாலும் ரசிகன்தான் பொறுப்பை ஏற்கிறான் என்பதற்கு இதைவிட வேதனையான உதாரணம் தேட வேண்டியதில்லை.

எந்த அணி நம் அணி?

1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று தமிழர்கள் நடத்திய போராட்டம் பலிக்காமல் போனது; இரண்டும் கேரளத்தில் நின்றன. அதுவரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும், ஒரு காலத்தில் கொச்சி சமஸ்தானத்தில் இருந்த சித்தூரும் அதே கேரளத்துக்குள் வந்தன. எல்லைக் கோடு இப்படி விழுந்த ஊர்களில் பள்ளிக்கூடம் தமிழில், பேருந்துப் பலகை மலையாளத்தில், சந்தை இரண்டிலும் என்று வாழ்க்கை போகும். கால்பந்திலும் அந்த இரட்டைத்தன்மை வந்து சேர்ந்தது.

சூப்பர் லீக் தொடங்கிய முதல் ஆண்டே அது சோதனைக்கு வந்தது. 2014 டிசம்பரில் அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸும் சென்னையின் எஃப்.சி.யும் மோதின. கொச்சியில் நடந்த முதல் ஆட்டத்தில் கேரளா 3-0 என்று வென்றது. மூன்று நாள் கழித்து சென்னை நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்.சி. மூன்று கோலையும் திருப்பிக் கொடுத்தது. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போக, 117-ஆம் நிமிடத்தில் ஸ்காட்லாந்துக்காரர் ஸ்டீபன் பியர்சன் அடித்த கோல் கேரளாவை இறுதிப் போட்டிக்கு அனுப்பியது. அன்றிரவு எல்லையோர வீடுகளில் ஒரே டிவிக்கு முன்னால் இரண்டு கட்சி இருந்திருக்கும் என்பதை ஊகிக்க அதிகக் கற்பனை வேண்டாம். அண்ணன் பிளாஸ்டர்ஸ், தம்பி சென்னையின் என்ற வீடுகள் இங்கே இன்றைக்கும் உண்டு. சென்னையின் 2015-லும் 2017-18-லும் கோப்பையை வென்றது தம்பிகளின் வாதத்துக்கு வலுச்சேர்த்தது.

ஆனாலும் மலைப்பக்கத்திலும் சித்தூர்ப் பக்கத்திலும் மஞ்சளின் கை ஓங்கியே நிற்கிறது. பள்ளி, கல்லூரி, வேலை என்று எல்லாமே கேரளத்தில் நடப்பது முக்கியக் காரணம். இன்னொன்று வர்ணனை. ஷைஜு தாமோதரனின் மலையாள வர்ணனையில் தொண்டை கிழியும் அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, ஆட்டம் என்றாலே அந்தக் குரல்தான். தமிழில் படித்து, தமிழில் சண்டை போட்டு, கோல் விழும்போது மட்டும் மலையாளத்தில் கத்துகிறவர்களைப் பார்ப்பது எல்லையில் அதிசயமே இல்லை.

பாலக்காட்டின் கிழக்குப் பக்கத்தாருக்கு சிறிது காலம் மூன்றாவது வாய்ப்பும் இருந்தது. சென்னை சிட்டி எஃப்.சி. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக்கிக்கொண்டு ஐ-லீக்கில் ஆடியது. வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கோவை அதிக தூரமில்லை; கொச்சிக்குப் போவதோடு ஒப்பிட்டால் பக்கத்து வீடு. 2019 மார்ச் 9 அன்று கோவையில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று அந்த அணி தேசிய சாம்பியன் ஆனது. ஈஸ்ட் பெங்காலுக்கு 42 புள்ளி, சென்னை சிட்டிக்கு 43. ஸ்பெயின் வீரர் பெட்ரோ மான்சி அந்த சீசனில் கோல்களாகக் குவித்தார். சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கழகமும் பங்கு வாங்கியது. இவ்வளவும் நடந்த சில ஆண்டுகளில் அணி தேசிய லீகிலிருந்தே காணாமல் போனது. ஒரு சாம்பியன் அணி இருந்த தடமே தெரியாமல் போக முடியும் என்பதை எல்லை ரசிகன் கண்ணெதிரே பார்த்தான்.

மூன்று இறுதிகள்

பிளாஸ்டர்ஸின் தோல்விகள் ஒவ்வொன்றும் வேறு வகை. 2014 டிசம்பர் 20, நவி மும்பை: அட்லெட்டிகோ டி கொல்கத்தாவுக்கு எதிராகக் கோல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஆட்டம், கூடுதல் நேரத்துக்குப் போகும் என்று எல்லோரும் நினைத்த கடைசி வினாடிகளில் முகமது ரஃபீக் தலையால் முட்டிய பந்தால் முடிந்துபோனது. 2016 டிசம்பர் 18, கொச்சி: சொந்த மைதானம், ஐம்பதாயிரத்துக்கு மேல் கூட்டம், எதிரே அதே கொல்கத்தா. காசர்கோட்டுக்காரர் முகமது ரஃபி முதல் கோலைத் தலையால் அடித்தபோது கலூர் அதிர்ந்தது. இடைவேளைக்கு முன்பே ஹென்றிக் செரேனோ சமன் செய்தார். பெனால்டியில் 4-3. சொந்த ஊரில், சொந்த மக்களின் முன்னால் தோற்றதால் இதுதான் மூன்றிலும் கொடியது என்று மூத்த ரசிகர்கள் சொல்வார்கள்.

மூன்றாவது இறுதி ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்தே வந்தது. இடைப்பட்ட காலத்தில் அணி நான்கு சீசன்களில் முதல் ஐந்து இடங்களுக்குள் ஒருமுறைகூட வரவில்லை. கொரோனாவால் 2020-21, 2021-22 ஆகிய இரு சீசன்களும் கோவாவிலேயே நடந்தன. ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. அந்த ஆளில்லா மைதானங்களில்தான் செர்பியப் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் ஒரு புதிய அணியைக் கட்டினார். அட்ரியான் லூனாவின் கால்களும் சகல் அப்துல் சமதின் திருப்பங்களும் சேர்ந்து, பல ஆண்டுகளாகக் காணாத அழகான ஆட்டம் வெளிப்பட்டது. இறுதிப் போட்டிக்கு மட்டும் கூட்டத்தை அனுமதித்ததும் கேரளமே கோவாவுக்குக் கிளம்பியது. மலப்புறத்திலிருந்து பைக்கில் புறப்பட்ட இரண்டு இளைஞர்கள் காசர்கோட்டில் விபத்தில் இறந்தார்கள். 2022 மார்ச் 20 அன்று ஃபட்டோர்டாவில் கே.பி. ராகுல் 68-ஆம் நிமிடத்தில் கேரளாவை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். 88-ஆம் நிமிடத்தில் ஹைதராபாத்தின் சாஹில் தவோரா சமன் செய்தார். பெனால்டியில் கோல்கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணி மூன்று உதைகளைத் தடுத்தார். 3-1.

ஆறே வாரத்தில், மே 2 அன்று, மஞ்சேரி பையநாட்டில் மேற்கு வங்கத்தைப் பெனால்டியில் வீழ்த்திக் கேரள மாநில அணி ஏழாவது முறையாக சந்தோஷ் டிராபியை வென்றது. கோழிக்கோட்டின் கோகுலம் கேரளாவோ 2020-21, 2021-22 இரண்டிலும் ஐ-லீக் சாம்பியன். கேரளத்துக்குக் கோப்பை வராமல் இல்லை. அதிகப் பேர் நேசிக்கும் அணிக்குத்தான் வரவில்லை.

2023 மார்ச் 3 அன்று பெங்களூரு கண்டீரவாவில் நடந்த பிளே-ஆஃப் ஆட்டம் ரசிகர்களிடையே இன்றும் ஆறாத விவாதம். கூடுதல் நேரத்தில், கேரள வீரர்கள் தடுப்புச்சுவர் அமைப்பதற்குள் சுனில் சேத்ரி ஃப்ரீ-கிக்கை உதைத்துக் கோலாக்க, நடுவர் அதை ஏற்றார். வுகோமனோவிச் தன் வீரர்களை மைதானத்திலிருந்து வெளியே அழைத்துச் சென்றார். கழகத்துக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடை. நடுவர் தவறு செய்தார் என்று நம்புகிறவர்கள்கூட, ஆட்டத்தை விட்டு வெளியேறியது சரியா என்ற கேள்வியில் இரண்டாகப் பிரிந்தார்கள். ஆனால் ‘ஆசான்’ என்று அவரை அழைத்த கூட்டம் கைவிடவில்லை. தங்களுக்காக ஒருவர் கோபப்பட்டார் என்பதே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

அந்த ஆசானும் 2024-இல் விடைபெற்றார். அவருக்கு முன் வந்தவர்களின் வரிசை நீளம்: டேவிட் ஜேம்ஸ், பீட்டர் டெய்லர், ஸ்டீவ் கோப்பல், ரெனே மியூலன்ஸ்டீன், மறுபடி டேவிட் ஜேம்ஸ், நெலோ விங்கடா, எல்கோ ஷட்டோரி, கிபு விகூனா. அவருக்குப் பின் வந்த மிக்கேல் ஸ்டாரே 2024 டிசம்பரில் சீசன் நடுவிலேயே நீக்கப்பட்டார். 2025 மார்ச்சில் டேவிட் கட்டாலா வந்தார். 2024-25-இல் அணிக்கு எட்டாவது இடம். ஒவ்வொரு பயிற்சியாளரும் தன் பாணியோடு வருகிறார். அதற்கேற்ப வெளிநாட்டு வீரர்கள் மாறுகிறார்கள். பாணி பழகும் முன்பே அவர் போய்விடுகிறார். தொடர்ச்சி என்ற ஒன்று இல்லாத இடத்தில் கோப்பை எங்கிருந்து வரும்?

வீரர்கள் போவது அதைவிட வலிக்கிறது. தடுப்பாட்டத்தின் தூணாக நின்ற சந்தேஷ் ஜிங்கன் 2020-இல் போனார். சகல் 2023-இல் மோகன் பகானுக்கு. 2023-24-இல் லீகிலேயே அதிக கோல் அடித்த திமித்ரியோஸ் தியமந்தகோஸும், சிறுவனாக வந்து வளர்ந்த ஜீக்சன் சிங்கும் 2024-இல் ஈஸ்ட் பெங்காலுக்கு. ராகுல் 2025-இல் ஒடிசாவுக்கு. சட்டையின் முதுகில் ஒரு பெயரை அச்சிட்டு வாங்கும் ரசிகன், அடுத்த ஆண்டு அந்தப் பெயர் எதிரணியில் நிற்பதைப் பார்க்கிறான். 2024 டிசம்பரில், அணியின் மிகப் பெரிய ரசிகர் மன்றமான மஞ்ஞப்பட, நிர்வாகத்தைக் கண்டித்து டிக்கெட் வாங்குவதை நிறுத்தப் போவதாக அறிவித்தது. நிர்வாகத்துக்குக் கூட்டத்தின் அருமை காலி நாற்காலியைக் காட்டினால்தான் புரியும் என்ற நிலைக்கு அன்பு கொண்ட ஒருவன் தள்ளப்படுவது எளிதாக நடப்பதல்ல.

லீகே இல்லாத சீசன்

2025-இல் வந்த அச்சம் வேறு மாதிரியானது. இம்முறை அணி எந்த இடம் பிடிக்கும் என்ற கேள்வியே எழவில்லை. லீக் நடக்குமா என்பதுதான் கேள்வி. அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும், லீகை நடத்திய எஃப்.எஸ்.டி.எல். நிறுவனத்துக்கும் இடையே இருந்த பதினைந்து ஆண்டு உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-இல் முடிய இருந்தது. சம்மேளனத்தின் சட்டதிட்டம் குறித்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்ததால் புதுப்பிப்புப் பேச்சு முடங்கியது. ஜூலையில் சீசன் நிறுத்தி வைக்கப்பட்டது. நீதிமன்ற மேற்பார்வையில் விடப்பட்ட டெண்டருக்கு நவம்பரில் ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. ஆகஸ்டில் அட்டவணை வரும், செப்டம்பரில் ஆட்டம் தொடங்கும், விடுமுறைகளை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர்களுக்கு அந்த ஆண்டு வாசலிலேயே நின்ற ஆண்டு.

அதே நேரத்தில் இன்னொரு வாக்குறுதியும் கலைந்தது. லியோனல் மெஸ்ஸியின் அர்ஜென்டினா 2025 நவம்பரில் கொச்சியில் ஆடும் என்று கேரள அரசின் தரப்பிலிருந்தே சொல்லப்பட்டிருந்தது. உலகக் கோப்பை வந்தால் லயங்களிலும் ஊர் முக்கிலும் அர்ஜென்டினா, பிரேசில் ஃபிளக்ஸுகள் முளைக்கும் நாடு இது. 2022-இல் கோழிக்கோடு புள்ளாவூர் ஆற்றில் நிறுத்தப்பட்ட மெஸ்ஸி, நெய்மர் கட்-அவுட்டுகளை உலகமே பார்த்தது. அந்த நவம்பரில் அர்ஜென்டினா வரவில்லை.

2026 ஜனவரி 6 அன்று மத்திய விளையாட்டு அமைச்சர் மன்சுக் மாண்டவியா, பதினான்கு கழகங்களும் பங்கேற்கும் லீக் பிப்ரவரி 14-இல் தொடங்கும் என்று அறிவித்தார். ஒவ்வொரு அணியும் மற்றதோடு ஒரே முறை மோதும் குறுகிய வடிவம். மொத்தம் 91 ஆட்டம். அதற்குள்ளாகவே கேப்டன் லூனா இந்தோனேசியக் கழகம் ஒன்றுக்குக் கடனாகப் போயிருந்தார். 2021 முதல் அணியின் மையமாக இருந்தவர் அவர். சீசன் மீண்டதில் ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். யாரை நம்பி மகிழ்வது என்றும் கேட்டார்கள். இரண்டு உணர்ச்சியும் ஒரே மனத்தில் இருப்பதில் முரண் ஒன்றுமில்லை.

எல்லையிலிருந்து கொச்சிக்குப் போவது தனிக் கணக்கு. மூணாறிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீட்டர். அடிமாலி, நேரியமங்கலம் வழியாக மலைப்பாதை. இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் ஒன்பதரைக்கு முடியும். அதற்குப் பின் யானை நடமாட்டமுள்ள காட்டுப் பாதையில் ஏறி வீடு சேர நள்ளிரவு தாண்டும். விடிந்தால் தோட்டத்து வேலை. பாலக்காட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ரயில் உண்டு. ஆனால் திரும்பிவந்து பாலக்காடு ஜங்ஷனில் இறங்கும்போது கொழிஞ்சாம்பாறைக்கோ மீனாட்சிபுரத்துக்கோ பேருந்து கிடைக்கும் நேரமாக இருக்காது. டிக்கெட்டுக்கு ஆகும் பணத்தைவிட வண்டி வாடகை அதிகம். ஆகவே பத்துப் பேர் சேர்ந்து ஒரு ஜீப் அல்லது வேன் பிடித்துப் போவதுதான் வழக்கம். ஆட்டத் தேதி கடைசி நேரத்தில் மாறினால் முதலில் அடிபடுகிறவர்கள் இவர்கள். இரண்டு மாதம் முன்பே உறுதியான அட்டவணை, வார இறுதியில் கொஞ்சம் முன்கூட்டிய தொடக்க நேரம் ஆகிய இரண்டும் கிடைத்தால் மலையிலிருந்து வருகிறவர்களின் எண்ணிக்கை கூடும். லீகை நடத்துகிறவர்கள் தொலைக்காட்சி நேரத்தைப் பற்றி நினைக்கும் அளவுக்கு இதைப் பற்றியும் நினைக்க வேண்டும்.

ரசிகன் கேட்கும் மற்றவையும் இதுபோலச் சாதாரணமானவையே. ஒரு பயிற்சியாளருக்குக் குறைந்தது இரண்டு முழு சீசன் அவகாசம் தர வேண்டும். நன்றாக ஆடும் இந்திய வீரர்களை விற்றுவிடாமல் வைத்திருக்க வேண்டும். மூணாறிலும் பாலக்காட்டிலும் பந்தை உதைக்கும் பையன்களைத் தேடி அணியின் ஆட்கள் மலையேறி வர வேண்டும். ஃபின்லே ஷீல்டு போன்ற பழம்பெரும் போட்டி ஒன்று எண்பது ஆண்டுகளுக்கு மேல் நடக்கும் மலையில் திறமைக்குப் பஞ்சம் இருக்காது. அங்கிருந்து மேலே ஏறுவதற்குப் படிதான் இல்லை.

அந்தப் படியாக வந்திருக்க வேண்டியது சூப்பர் லீக் கேரளா. 2024-இல் தொடங்கிய அந்தப் போட்டியில் ஆறு அணிகள்: காலிகட், கண்ணூர், மலப்புறம், திருச்சூர், கொச்சி, திருவனந்தபுரம். முதல் ஆண்டு காலிகட் எஃப்.சி. கோப்பையை வென்றது. ஆறு நகரங்களின் பட்டியலில் பாலக்காடும் இல்லை, இடுக்கியும் இல்லை. செவன்ஸுக்கு ஆயிரக்கணக்கில் கூடும் ஒரு மாவட்டமும், 1941 முதல் ஷீல்டுக்கு ஆடும் ஒரு மாவட்டமும் மற்ற ஊர்களின் அணிகளுக்குக் கைதட்டித்தான் அந்த சீசனைக் கழித்தன.